அணை நம்மூரில், டர்பைன் எந்த ஊரில்?

கொழும்பில் நடைபெறும் பொருளாதாரக் கருத்தரங்குகளில் பல ஆண்டுகளாக ஒரு வாசகம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. "உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினராக இருக்கும்வரை, அரசாங்கம் தன் கொள்முதலில் உள்நாட்டு உற்பத்திக்கு முன்னுரிமை கொடுக்க இயலாது" என்பதே அது. அதிகாரிகளும் சொல்கிறார்கள், அமைச்சர்களும் சொல்கிறார்கள். செய்தியாளர்களாகிய நாமும் கேள்வி ஏதும் எழுப்பாமல் அதை அச்சேற்றி வந்திருக்கிறோம். இது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடிச் செல்ல ஜெனீவாவுக்குப் போக வேண்டியதில்லை. நுவரெலியா மாவட்டத்தின் நோட்டன் பிரிட்ஜ் வரை போனால் போதும்.

வெளிநாட்டு வாசகர்கள் பலருக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கக்கூடும். ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் அப்பால், தேயிலை மலைகளுக்கிடையே கெஹெல்கமு ஓயாவின் கரையில் அமைந்த சிறு நகரம் அது. ஒரு கடைத்தெரு, ஓர் அணைக்கட்டு, ஒரு மின் நிலையம், சுற்றிலும் தோட்டங்கள், அவ்வளவுதான். ஆனால் இலங்கையின் பெரிய நீர்மின் நிலையங்களின் வரலாறு தொடங்குவது இந்தப் பள்ளத்தாக்கில். நோட்டன் அணையில் தேக்கிய நீரைக் கொண்டு 1950 இல் பழைய லக்சபான மின் நிலையம் 25 மெகாவாட்டுடன் இயங்கத் தொடங்கியது. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் சுரங்கம் வழியாக நோட்டன் பிரிட்ஜுக்கு இறக்கப்பட்டு, 50 மெகாவாட் கொண்ட விமலசுரேந்திர மின் நிலையம் எழுந்தது. பின்னர் மவுஸ்ஸாக்கலை, பொல்பிட்டிய, புதிய லக்சபான, கெனியன் என்று தொடர் நீண்டது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்து தரும் மின்சாரம் இன்று முந்நூறு மெகாவாட்டைக் கடந்தது.

மின் நிலையத்துக்குப் பெயர் கொடுத்த டி. ஜே. விமலசுரேந்திர, பொதுப்பணித் துறையில் பணியாற்றிய உள்ளூர்ப் பொறியியலாளர். இந்த இரு ஆறுகளின் வீழ்ச்சியைப் பயன்படுத்தி நாடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கலாம் என்று 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் ஓர் ஆய்வுரையை அவர் சமர்ப்பித்தார். காலனித்துவ நிர்வாகம் அதற்குச் செவிசாய்க்கவில்லை. 1920 களில் தொடங்கிய வேலையும் பணமில்லை என்ற காரணத்தால் பாதியில் நின்றது. அரச சேவையிலிருந்து விலகிய அவர், 1931 இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் இதையே பேசினார். திட்டம் நிறைவேறிய மூன்றாவது ஆண்டில், 1953 இல், மறைந்தார். ஆய்வுரைக்கும் முதல் மின் விளக்குக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டுகள்! நம் நாட்டில் 'புத்தாக்கக் கொள்கை' என்ற சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, அந்தக் கொள்கை இல்லாததன் விலையை இந்த மனிதர் செலுத்தியிருக்கிறார்.

இப்போது கேள்விக்கு வருவோம். சிந்தனை உள்ளூர்ப் பொறியியலாளருடையது. நீர் நம் மலையினுடையது. நீரில் மூழ்கிய நிலம் தோட்டங்களுடையது. மவுஸ்ஸாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போயிற்று. கடும் வறட்சி வரும்போதெல்லாம் அந்தப் பழைய கோயில் தலைகாட்டுகிறது, மக்கள் திரண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். எல்லாம் இங்கிருக்க, இயந்திரம் மட்டும் எப்போதும் கடல் கடந்தே வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே ஆற்றுத்தொகுதியில் அடுத்தடுத்து மின் நிலையங்கள் கட்டிய ஒரு நாடு, ஒரு நடுத்தர அளவு டர்பைனைத் தானே செய்யும் நிலைக்கு ஏன் வரவில்லை?

உலக வர்த்தக அமைப்பைக் குற்றஞ்சாட்ட முடியாது. அந்த அமைப்பு 1995 இல்தான் பிறந்தது. உண்மையான காரணம் கடன் பத்திரங்களில் இருக்கிறது. உலக வங்கி இலங்கைக்கு வழங்கிய முதற் கடன், 1954 இல், இதே அபர்டீன் - லக்சபான திட்டத்துக்குத்தான். உலக வங்கியின் விதி சர்வதேசப் போட்டிக் கேள்விப்பத்திரம். அதிலாவது எந்த நாட்டவரும் போட்டியிடலாம். பின்னர் வந்த இருதரப்புக் கடன்களும் கொடைகளும் அப்படியல்ல. மகாவலித் திட்டத்தைப் பாருங்கள். விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா பணம் கொடுத்தது, பிரித்தானிய நிறுவனங்கள் கட்டின. கொத்மலைக்கு சுவீடன் பணம் கொடுத்தது, சுவீடன் நிறுவனம் கட்டியது. ரந்தெனிகலைக்கு ஜேர்மனி. தலவாக்கலையில் மேல் கொத்மலைக்கு ஜப்பானியக் கடன். அணையும் சுரங்கமும் ஜப்பானிய நிறுவனத்தின் கையில். நோட்டன் பிரிட்ஜுக்குக் கீழே, அதே ஆற்றின் போக்கில், 2013 இல் தொடங்கப்பட்ட 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் திட்டத்துக்குப் பெரும்பகுதி சீன வங்கிக் கடன். ஒப்பந்தக்காரர் சீன நிறுவனம். கொடுப்பவரின் பணம் கொடுப்பவரின் தொழிற்சாலைக்கே திரும்பிச் செல்லும் இந்த ஏற்பாட்டைக் 'கட்டுண்ட உதவி' என்பார்கள். இதனால் பொருளின் விலை 15 முதல் 30 சதவீதம் வரை கூடிவிடுகிறது என்பது பணக்கார நாடுகளின் சங்கமான ஓ.ஈ.சி.டி. தானே நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு.

இதில் வேடிக்கை ஒன்றுண்டு. கட்டுண்ட உதவி என்பது உண்மையில் கொடுக்கும் நாட்டின் கொள்முதல் முன்னுரிமைக் கொள்கை. தன் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிக்கொடுக்க அந்த நாடு நம் கேள்விப்பத்திரத்தைப் பயன்படுத்துகிறது. நாம் செய்யக்கூடாது என்று நமக்குச் சொல்லப்படுவதை, நம் மண்ணிலேயே, நம் கடனிலேயே அவர்கள் செய்கிறார்கள்.

விமலசுரேந்திர மின் நிலையம் இயங்கத் தொடங்கிய அதே 1965 இல், பாக்கு நீரிணைக்கு அப்பால் திருச்சியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அங்கும் தொழில்நுட்பம் வெளியிலிருந்தே வந்தது, செக்கோஸ்லோவாக்கியா உதவியது. ஆனால் இந்திய அரசு இயந்திரத்தை மட்டும் வாங்கவில்லை. இயந்திரம் செய்யும் கல்வியையும் சேர்த்து வாங்கியது. மாநில மின்வாரியங்களின் கட்டளைகள் ஆண்டுதோறும் அந்தத் தொழிற்சாலைக்கு வேலை கொடுத்தன. முதற் கொதிகலன்கள் குறையற்றவையாக இருந்திருக்க வேண்டியதில்லை. வாங்குபவர் நிச்சயம் என்ற உறுதிதான் கற்றுக்கொள்ள அவகாசம் தந்தது. இந்தியாவின் அளவும் இலங்கையின் அளவும் ஒன்றல்ல என்று வாசகர்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். நூறு மெகாவாட் டர்பைனை நாம் செய்ய வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மெகாவாட் டர்பைன்?

அதற்கும் மலையகத்திலேயே விடை இருக்கிறது. பெரிய அணைகள் வருவதற்கு முன்பே தேயிலைத் தோட்டங்களில் சிறு நீர்மின் நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஓடையை மறித்து, குழாய் வழியே நீரை இறக்கி, இங்கிலாந்தின் கில்க்ஸ் போன்ற நிறுவனங்களின் டர்பைன்களைச் சுழற்றித் தொழிற்சாலையின் ரோலர்களையும் உலர்த்திகளையும் இயக்கினார்கள். தேசிய மின்வலையமைப்பின் மலிவான மின்சாரம் தோட்டத்துக்கு வந்தபோது அவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபின் பராமரிப்பார் இல்லாமல் துருப்பிடித்தன.

1980 களில் ஐ.டி.டி.ஜி. என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் இவற்றுள் சிலவற்றைச் சீர்செய்ய முன்வந்தது. அந்த வேலை உள்ளூர்ப் பட்டறைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. பெல்டன் சக்கரத்தை வார்ப்பது, சாதாரண மின் மோட்டாரையே மின்பிறப்பாக்கியாகப் பயன்படுத்துவது, சுமை ஏறி இறங்கும்போது மின்னழுத்தம் குலையாமல் காக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தயாரிப்பது என்று ஒவ்வொன்றாக நம்மவர்கள் கற்றார்கள். மின்வலையமைப்பு எட்டாத கிராமங்கள் பல, தங்கள் ஓடையிலிருந்து தாங்களே மின்சாரம் எடுத்துக்கொண்டன.

அடுத்து வந்ததுதான் முக்கியம். பத்து மெகாவாட் வரையான தனியார் நிலையங்களின் மின்சாரத்தை வாங்குவதற்கு, இலங்கை மின்சார சபை 1990 களின் நடுப்பகுதியில் ஒரே மாதிரியான நியம ஒப்பந்தம் ஒன்றை அறிவித்தது. பேரம் இல்லை, அமைச்சரின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை, விலைச் சூத்திரம் எல்லோருக்கும் ஒன்றே, காலம் பதினைந்து ஆண்டுகள். 1996 இல் டிக் ஓயாவில் ஒரு மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைந்த முதல் நிலையம் வலையமைப்புடன் இணைந்தது. இன்று நாட்டின் சிறு நீர்மின் நிலையங்களின் மொத்தக் கொள்ளளவு 400 மெகாவாட்டுக்கு மேல். நோட்டன் பிரிட்ஜின் பெரிய மின் நிலையத்தைப் போல எட்டு மடங்கு! இந்த வேலையில் அனுபவம் பெற்ற இலங்கை நிறுவனங்கள் ஆபிரிக்காவுக்குச் சென்று மின் நிலையம் கட்டுகின்றன. உகண்டாவின் முவும்பே நிலையத்தை 2017 இல் இயக்கிவைத்தது இலங்கையின் விதுல்லங்கா நிறுவனம்தான்.

இந்தத் துறையிலும் குறைகள் உண்டு. நீரோடைகள் வறண்டன, சுற்றாடல் அனுமதிகளில் முறைகேடு நடந்தது என்ற குற்றச்சாட்டுகள் பலமானவை. ஆயினும் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது. உள்நாட்டில் ஒரு திறமை வளர மானியம் மட்டும் போதாது, நம்பத்தகுந்த ஒரு வாங்குபவர் வேண்டும். அந்த வாங்குபவர் அரசு. 2019 இல் தேசியப் புத்தாக்க முகவரகச் சட்டம் நிறைவேறியது, நல்லது. ஆனால் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதத்தையே செலவிடும் ஒரு நாட்டில், முகவரகத்தை விடக் கொள்முதல் கட்டளைக்கே வலு அதிகம்.

இனி சட்டத்துக்கு வருவோம். அரச கொள்முதல் பற்றி உலக வர்த்தக அமைப்பில் தனி உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகள், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட அரச கொள்முதலைத் தமக்குள் பாகுபாடின்றித் திறந்துவிட வேண்டும். 2012 இல் திருத்தப்பட்டு 2014 இல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கை, விரும்பிய நாடுகளுக்கு மட்டுமே உரியது. இலங்கை அதில் பார்வையாளர் மட்டுமே, உறுப்பினர் அல்ல. இந்தியாவும் அவ்வாறே. எனவே ஒரு பாடசாலைக்கு மேசை வாங்கும்போதோ வைத்தியசாலைக்குக் கட்டில் வாங்கும்போதோ உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை கொடுப்பதை எந்த உலகச் சட்டமும் தடுக்கவில்லை. 1947 இன் காட் ஒப்பந்தத்தின் மூன்றாம் உறுப்புரையே, அரசு தன் தேவைக்காக வாங்கும் பொருளுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

ஆனால் அந்த விலக்குக்கு ஒரு வேலி உண்டு. வாங்கும் பொருள் வர்த்தக ரீதியான மறுவிற்பனைக்கோ, விற்பனைக்கான பண்டங்களை உற்பத்தி செய்வதற்கோ ஆக இருக்கக்கூடாது. இந்த வேலியைத் தமிழ் வாசகர்கள் பெருமளவில் வாழும் ஒன்ராறியோ மாகாணம் தட்டிப் பார்த்தது. 2009 ஆம் ஆண்டுப் பசுமைச் சட்டத்தின் கீழ், சூரிய, காற்று மின்சாரத்துக்கு அந்த மாகாணம் கூடிய விலை கொடுத்தது. கருவிகளில் குறிப்பிட்ட பங்கு ஒன்ராறியோவில் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விதித்தது. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் வழக்குத் தொடுத்தன. 2013 இல் மேன்முறையீட்டுக் குழு தீர்ப்பளித்தது: அரசு வாங்குவது மின்சாரம், பாகுபாடு காட்டப்படுவதோ மின்சாரம் செய்யும் கருவிக்கு. இரண்டும் வெவ்வேறு பொருட்கள், ஆகவே விலக்குப் பொருந்தாது. ஜவஹர்லால் நேரு தேசிய சூரியத் திட்டத்தில் உள்நாட்டுச் சூரியக் கலங்களை வலியுறுத்திய இந்தியாவும் அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2016 இல் இதே காரணத்தால் தோற்றது.

நம் மலைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விடை தெளிவாகிறது. "உள்ளூர் டர்பைன் போட்டால் உன் மின்சாரத்துக்கு ஒரு ரூபா கூடத் தருவேன்" என்று மின்சார சபை சிறு நீர்மின் முதலீட்டாளரிடம் சொன்னால், அது ஒன்ராறியோ செய்த தவறு. தன் சொந்த நிலையத்துக்கு வாங்கும் டர்பைனில் அந்த முன்னுரிமையைக் காட்டினாலும், விற்பனைக்கான மின்சாரத்தை உற்பத்தி செய்யவே அது பயன்படுகிறது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். கொழும்பு அதிகாரிகள் சொல்வதில் இருக்கும் பாதி உண்மை இதுதான்.

மீதிப் பாதி என்ன? வலிய நாடுகள் இந்த விதிகளுக்கிடையே எப்படி நடந்தன என்பதில் அது இருக்கிறது. அமெரிக்காவின் 'அமெரிக்கப் பொருளையே வாங்கு' சட்டம் 1933 இலிருந்து இருந்துவருகிறது. 2022 இல் அந்நாடு நிறைவேற்றிய பணவீக்கக் குறைப்புச் சட்டம், உள்நாட்டு உருக்கையும் கருவியையும் பயன்படுத்தும் மின் திட்டங்களுக்கு மேலதிக வரிச்சலுகை கொடுத்தது. இந்தியாவைத் தோற்கடித்த அதே அமெரிக்காவின் மாநிலத் திட்டங்கள் பல 2019 இல் விசாரணைக் குழுவில் தோற்றன. அமெரிக்கா மேன்முறையீடு செய்தது. அவ்வாண்டு டிசம்பரிலிருந்து மேன்முறையீட்டுக் குழு போதிய நீதிபதிகளின்றி முடங்கிக் கிடக்கிறது. 2001 இல் உலக வர்த்தக அமைப்பில் நுழைந்த சீனா, கொள்முதல் உடன்படிக்கையில் சேர 2007 இல் விண்ணப்பித்தது. 2009 இல் 'சுதேசப் புத்தாக்கப் பொருட்கள்' பட்டியல் ஒன்றைத் தயாரித்து அவற்றுக்கு அரச கொள்முதலில் முன்னுரிமை தர முனைந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2011 இல் அந்த இணைப்பை அறுத்துவிடுவதாக வாக்களித்தது. அதற்குள் அதன் தொழிற்சாலைகள் உலகச் சந்தையைப் பிடித்துவிட்டன. சட்டத்தை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்பதை அவர்கள் படித்தார்கள், நாம் படிக்கவில்லை என்கிறேன்.

படித்தால் திறந்திருக்கும் கதவுகள் சில புலப்படும். பொறியியல், வடிவமைப்பு, பராமரிப்பு ஆகிய சேவைகளை அரசு தன் தேவைக்கு வாங்கும்போது சேவை வர்த்தக உடன்படிக்கையின் பாகுபாட்டுத் தடைகள் அதற்குப் பொருந்தா. உலக வங்கியின் கடனிலேயே உள்நாட்டு உற்பத்திப் பொருளுக்கு 15 சதவீத விலை முன்னுரிமை கோர நெடுங்காலமாக இடமிருந்து வந்திருக்கிறது. இலங்கையின் 2006 ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டல்களிலும் உள்நாட்டு முன்னுரிமைக்கு இடம் தரப்பட்டது. கேள்விப்பத்திரத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்தாலே உள்ளூர்ப் பட்டறை போட்டியிட முடியும். ஒட்டுமொத்தமாகக் கட்டி ஒப்படைக்கும் ஒப்பந்தமாக வைத்தால் வெளிநாட்டு நிறுவனம் மட்டுமே வரமுடியும். இந்தத் தீர்மானத்தை ஜெனீவா எடுக்கவில்லை, கொழும்பு எடுக்கிறது.

உள்நாட்டு முன்னுரிமை என்றதும் நியாயமான ஓர் அச்சம் எழுகிறது. அமைச்சரின் மைத்துனர் ஒரு பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு 'உள்நாட்டு உற்பத்தியாளர்' ஆகிவிடமாட்டாரா? ஆவார். அதனால்தான் முன்னுரிமையைவிட ஒளிவுமறைவின்மை முதலில் வர வேண்டும். நம் நாடு இதில் முன்னும் பின்னும் ஆடியிருக்கிறது. 2015 இல் 19 ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை உருவாக்கியது. 2020 இல் 20 ஆவது திருத்தம் அதை ஒழித்தது. 2022 இல் 21 ஆவது திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது. அதே 2022 இல் மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டிக் கேள்விப்பத்திரக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். மன்னாரிலும் பூநகரியிலும் கேள்விப்பத்திரமின்றி அதானி குழுமத்துக்குக் கொடுக்கப்பட்ட காற்றாலைத் திட்டம், விலை குறித்த சர்ச்சையிலும் வழக்குகளிலும் சிக்கி, 2025 பெப்ரவரியில் அக்குழுமம் விலகியதோடு முடிந்தது. பெறுகைக்கென ஒரு சட்டம் வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியத்தின் 2023 ஆம் ஆண்டு ஆட்சிமுறை அறிக்கை நமக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நம் வீட்டைப் பூட்டிக்கொள்ளும்படி அடுத்த வீட்டுக்காரர் அறிவுரை சொல்லும் நிலை அது.

இவையெல்லாம் நோட்டன் பிரிட்ஜில் வாழும் மனிதருக்கு என்ன என்று கேட்கலாம். அவருக்குத்தான் எல்லாமே. அந்த அணைகள் எழுந்த காலத்தில் இந்தத் தோட்டங்களின் தொழிலாளரில் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. மின்கம்பிகள் லயங்களின் கூரைக்கு மேலாகக் கொழும்புக்குச் சென்றன. லயங்களுக்குள் குப்பி விளக்கு எரிந்தது. இன்று விளக்கு வந்துவிட்டது. வேலை வரவில்லை. கல்விப் பொதுத் தராதர சாதாரண தரமும் உயர்தரமும் முடித்த மலையக இளைஞன் கொழும்பில் ஒரு கடைக்கோ மத்திய கிழக்குக்கோ செல்கிறான். அவன் பிறந்த மலையிலோ சுழலும் டர்பைன்கள் மணலாலும் மண்ணாலும் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் சக்கரங்களைப் பற்றவைத்துச் சமன்செய்யும் வேலை, வால்வுகளைப் புதுப்பிக்கும் வேலை, கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சோதிக்கும் வேலை ஆண்டுதோறும் இருக்கிறது. அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க ஹட்டனுக்கோ நோட்டனுக்கோ ஒரு தொழிற்பயிற்சிப் பட்டறை வந்தால் எந்த வர்த்தகச் சட்டம் குறுக்கே நிற்கும்?

என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது: பெறுகைச் சட்டத்தை நேர்மையான போட்டியின் அடிப்படையில் அமைத்து, உள்நாட்டு முன்னுரிமை எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டுக்கு, எத்தனை சதவீதம் என்று அதிலேயே எழுத வேண்டும், கால எல்லை இல்லாத முன்னுரிமை சோம்பேறிகளையே வளர்க்கும். இரண்டாவது: இனிவரும் எந்த வெளிநாட்டுக் கடனிலும், உள்ளூர்ப் பராமரிப்புக்கான பயிற்சியும் தொழில்நுட்ப வரைபடங்களும் ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்க வேண்டும், கடன் ஒப்பந்தங்களைக் கையெழுத்துக்கு முன் பாராளுமன்றத்தின் பார்வைக்கு வைக்க வேண்டும். மூன்றாவது: கொள்முதல் உடன்படிக்கையில் அவசரப்பட்டு உறுப்பினராவதைத் தவிர்க்க வேண்டும், கையிலிருக்கும் சுதந்திரத்தை ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்த்தபின் அதை விற்பதா வேண்டாமா என்று பேசலாம்.

சூரிய மின்சாரத்துக்கும் காற்று மின்சாரத்துக்கும் இந்த நாடு அடுத்த பல ஆண்டுகளுக்குப் பெருந்தொகை செலவிடப் போகிறது. லக்சபானவில் செய்ததையே மன்னாரிலும் செய்வோமானால், காற்று நமதாக இருக்கும், கடன் நமதாக இருக்கும், தொழில் மட்டும் வேறொருவருடையதாக இருக்கும். விமலசுரேந்திரவை முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வைத்தது காலனி அரசு. அடுத்த விமலசுரேந்திர ஒருவேளை நோட்டன் பிரிட்ஜின் ஒரு லயத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையைக் காத்திருக்க வைத்தால், பழி சுமத்த இம்முறை நமக்கு வெள்ளைக்காரர் யாரும் இல்லை.